நாலாம் கியரில் கேட்கும் சத்தம்

ஓடிக்கொண்டிருந்த காரை அறிவுமதி மறுபடியும் ஸ்டார்ட் செய்தான்.

சிதம்பரம் தெற்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் அவன் மனைவி வினோதினிக்காகக் காத்திருந்தான். வெயிலுக்கு ஏசி வேண்டும் என்று என்ஜினை அணைக்காமலே விட்டிருந்தான். அவள் பையோடு வந்து ஏறி உட்கார்ந்ததும், பழக்க தோஷத்தில் கை போய்ச் சாவியைத் திருகிவிட்டது. எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். வினோதினி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவனுக்கோ சாவியில் ஒரு நடுக்கம் தெரிந்தது, அவ்வளவுதான்.

“வண்டி ஓடிட்டுத்தாங்க இருக்குது! என்ன பண்றீங்க?”

அவள் உதடுகளைப் பார்த்துத்தான் அதைப் புரிந்துகொண்டான்.

“ஏதோ நெனப்புல இருந்துட்டேன்” என்றான்.

வீடு வரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். அவன் “ம்” கொட்டிக்கொண்டே ஓட்டினான். என்ஜின் ஓடுகிறதா இல்லையா என்பதை இனிமேல் மீட்டரில் முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் நெஞ்சில் கல்லைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது.

அறிவுமதிக்கு முப்பத்தாறு வயது. கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கம்ப்ரஸர் அறை ஆபரேட்டர். ஐடிஐ முடித்த கையோடு சேர்ந்தவன். ஆளுயர இயந்திரங்கள் அங்கே இரவு பகல் பாராமல் காற்றை அழுத்திக்கொண்டே இருக்கும். உள்ளே நுழைந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவனிடமும் கையை ஆட்டித்தான் பேச வேண்டும். காதில் செருகிக்கொள்ள மஞ்சள் நிறத்தில் பஞ்சு மாதிரி அடைப்பான் கொடுத்தார்கள். வேர்வையில் அரிக்கிறது என்று எல்லாரும் அதைச் சட்டைப்பையிலேயே போட்டு வைத்திருந்தார்கள். அதிகாரிகள் சுற்றிப் பார்க்க வரும்போது மட்டும் எடுத்து மாட்டுவார்கள். அவனும் அப்படித்தான்.

முதலில் குக்கர் விசில் போயிற்று. பிறகு செல்போன் மணி. அப்புறம் வாசலில் நின்று கூப்பிடுகிறவர்களின் குரல். சளி, அழுக்கு, தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கொஞ்ச காலத்தைத் தள்ளினான். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், யாரிடமும் சொல்லாமல், மஞ்சக்குப்பத்தில் ஒரு காது டாக்டரிடம் போனான். சின்ன வயதுப் பெண். பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“நரம்பு தேஞ்சிடுச்சிங்க. போனது திரும்பாது. கீச்சுச் சத்தம்லாம் மொதல்ல போவும். கனமான சத்தம் கொஞ்ச காலத்துக்குக் கேக்கும். காதுக்கு மிஷின் வெச்சிக்குங்க. அந்த வேலைய விட்டு வெளிய வாங்க.”

அவன் இரண்டையும் செய்யவில்லை. வேலையை விட்டால் வேறு என்ன தெரியும்? மிஷினை மாட்டிக்கொண்டு தொழிற்சாலை கேட்டுக்குள் நுழைந்தால் அன்றைக்கே அறையை விட்டு வெளியேற்றிவிடுவார்கள். தொழிற்சாலையின் வருடாந்திரக் காதுப் பரிசோதனையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரின் விரல் பட்டனை அழுத்துவதைப் பார்த்துப் பார்த்துக் கையைத் தூக்கித் தேறிவிட்டான்.

வினோதினியிடம் சொல்லக் கூடாது என்று அவன் முடிவு எதுவும் எடுக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தான். அந்தச் சமயத்தில் அவள் அம்மா படுத்த படுக்கையானார். பிறகு அந்தச் சாவு. பிறகு அவள் அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்கு இராப்பகலாகப் படிக்க ஆரம்பித்தாள். அவள் தலையில் இதையும் ஏற்றுவானேன் என்று தள்ளிப்போட்டான். ரொம்ப நாள் தள்ளிப்போட்டதில், காது போனதைவிட அதை மறைத்ததுதான் பெரிய விஷயமாகிவிட்டது. இனி சொன்னால் அதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

கார் ஒன்றுதான் அவனுக்கு இருந்த ஆசை. மகள் நறுமுகை பிறந்த வருடம் வாங்கிய பழைய சிவப்பு ஸ்விஃப்ட். பெட்ரோல் வண்டி. முள்ளைப் பார்க்காமல், என்ஜின் குரல் ஏறி இறங்குவதைக் கேட்டே கியர் மாற்றுகிறவன் அவன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் போய்வரும் அந்த நேரம்தான் நாளில் அவனுக்கென்று இருந்த நேரம். இப்போது அது ஊமைப்படம் ஆகிவிட்டது.

கனமான சத்தம் கேட்கும் என்று டாக்டர் சொன்னாரே என்று தெற்கு ரத வீதியிலிருந்து திரும்பிய அன்றைக்குத்தான் யோசித்தான். சைலன்சரை மாற்றினால் என்ன? இளவட்டங்கள் மாற்றிக்கொண்டு திரிகிறார்களே, அந்த மாதிரி. என்ஜினின் குரலைக் கொஞ்சம் கீழே இறக்கி, கொஞ்சம் கூட்டி எடுத்துவிட்டால் தனக்குக் கேட்கக்கூடும். கேன்டீனில் உட்கார்ந்து செல்போனில் வீடியோக்களாகப் பார்த்தான். குழாய்கள் மின்னின. புகை வந்தது. பையன்கள் ஆஹா என்று வாயைப் பிளந்தார்கள். சத்தம் ஒன்றும் வரவில்லை.

கடலூர் செம்மண்டலத்தில் லூர்துசாமி கார் அலங்காரச் சாமான்களும் சைலன்சரும் விற்கும் கடை வைத்திருந்தான். ஐடிஐயில் ஒரே பெஞ்சு. ஒரு சனிக்கிழமை காலையில் அறிவுமதி அங்கே போய் நின்றான்.

“உனக்கா மச்சான்? பொண்ணு இஸ்கூல் போவுது, இப்ப வந்து சைலன்சர் மாத்தறேன்றியே!” என்று லூர்து சிரித்தான். சிரித்தாலும் விளக்கத்தில் குறை வைக்கவில்லை. மேசைமேல் மூன்று சாமான்களை எடுத்து வைத்தான்.

“மூணு வழி இருக்குது. ஒண்ணு, பின்னாடி இருக்கற டப்பாவ மட்டும் மாத்தறது. சத்தம் லேசா கனக்கும். வீட்ல திட்டு விழாது. ரெண்டாவது, பொகய சுத்தம் பண்ற கன்வெர்ட்டருக்கு அப்பறம் வர்ற பைப்பு மொத்தமும் ஸ்டீல்ல புதுசா போடறது. இழுவையும் கொஞ்சம் கூடும், சத்தமும் அடிவயித்துலேருந்து வரும். மூணாவது, என்ஜின் வாய்லேருந்து எல்லாத்தயும் கழட்டிக் கடாசிட்டு ஒரே பைப்பு. அத நான் போட மாட்டேன். பொக சர்டிபிகேட் வாங்க முடியாது, போலீசு புடிப்பான்.”

“ரெண்டாவதுல அகலம் எவ்ளோ போடலாம்?”

“அகலம் ஜாஸ்தி வேணாம். ஒன்னோடது சின்ன என்ஜின். அகலப் பைப்பு போட்டா கீழ் கியர்ல மூச்சு வாங்கும். மேம்பாலம் ஏற மாட்டாம முக்கும். ரெண்டு இஞ்சிக்குள்ளயே நிறுத்திக்கலாம். வா, கேட்டுப் பாரு. கேட்டாத்தான் தெரியும்.”

கடை வாசலில் இரண்டு வண்டிகள் நின்றிருந்தன. சாம்பல் நிற வண்டியில் டப்பா மட்டும் மாற்றியது. வெள்ளை வண்டியில் குழாய் மொத்தமும் மாற்றியது. லூர்து முதலில் சாம்பல் வண்டியில் ஏறி மிதித்தான். பின்னால் நின்ற அறிவுமதிக்குக் கெண்டைக்காலில் சூடான காற்று பட்டது. தலையாட்டினான். பிறகு லூர்து வெள்ளை வண்டிக்குப் போனான். அறிவுமதி கண்ணை மூடிக்கொண்டான். ரசித்துக் கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள் அல்லவா? நெஞ்சுக்கூட்டில் ஏதோ லேசாக அதிர்ந்தது. அதுதான், அதுதான் என்று உள்ளே ஒரு துள்ளல். மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான்.

கண்ணைத் திறந்தபோது லூர்து அவனுக்கு நேரெதிரே நின்றுகொண்டிருந்தான். வண்டிச் சாவி கையில் இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

“மச்சான், நான் ஆஃப் பண்ணிட்டு வந்து ஒன் எதிர்லயே நிக்கறேன். நீ தலையாட்டிக்கினே இருக்க.”

அறிவுமதிக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தான். லூர்து அவன் தோளைப் பிடித்து வெள்ளை வண்டிக்குள் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“எவ்ளோ நாளா?”

“ரெண்டு வருஷமா. இப்ப ரொம்ப மோசம்.”

“வினோதினிக்குத் தெரியுமா?”

அறிவுமதி தலையசைத்து மறுத்தான்.

“அடப்பாவி. அப்ப ஒனக்கு சைலன்சர் வேணாம்டா. மொதல்ல மிஷின் வாங்கு.”

“மிஷின வெச்சா வேல போயிடும். லூர்து, எனக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டாப் போதும்டா. என் வண்டிச் சத்தமாவது கேக்கணும்.”

லூர்து வண்டியைக் கிளப்பிப் பைபாஸ் பக்கம் விட்டான். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். அறிவுமதிக்கு ஒன்றுமில்லை. நாலாவது கியர் போட்டு வேகம் அறுபதைத் தொட்டபோது, இருக்கைக்குக் கீழேயிருந்து ஏதோ எழுந்து வந்தது. கனமான, வட்டமான, ஒரே ஸ்தாயியில் நிற்கும் இரைச்சல். அது அதிர்வு மட்டுமில்லை. அவன் காதுக்குள் கேட்டது. இரண்டு காதிலும் கேட்டது.

“இது! இதுதான்!” லூர்துவின் முழங்காலைப் பிடித்து அழுத்தினான்.

லூர்து வண்டியை ஓரங்கட்டினான். “இது வியாதிடா. ரெசனேட்டர்னு ஒரு குட்டி டப்பா நடுவுல இருக்கணும். அதுதான் இந்த இரைச்சல முழுங்கும். அது இல்லாம மாட்டிக்கினு போய்ட்டு, தலைவலி தாங்கலன்னு இந்த வண்டிக்காரரு திருப்பிக் கொண்டாந்து விட்டுருக்காரு. அறுபதுலேருந்து எழுபதுக்குள்ள உள்ள உக்கார முடியாது. இதத்தான் எல்லாரும் வேணாம்னுவாங்க.”

“எனக்கு அதுதான் வேணும்.”

“கூட உக்காந்து வர்றவங்க?”

அறிவுமதியின் முகத்தைப் பார்த்துவிட்டு லூர்து அதற்குமேல் கேட்கவில்லை. குழாய் மொத்தமும் ஸ்டீல், ரெசனேட்டர் கிடையாது, கன்வெர்ட்டரில் கைவைப்பதில்லை என்று முடிவாயிற்று. அடுத்த சனிக்கிழமை மாட்டிக் கொடுத்தான். “வினோதினிகிட்ட சொல்லிடு மச்சான்” என்று அவன் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித்தான் அனுப்பினான்.

அன்றைக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை அறிவுமதி வேறு மனிதனாக இருந்தான். ஆலப்பாக்கம் தாண்டி ரோடு விரிந்ததும் நாலாம் கியருக்கு மாற்றி அறுபதில் நிறுத்தினான். இரைச்சல் வந்தது. வேகத்தைக் குறைத்தால் போயிற்று. கூட்டினால் வந்தது. தான் ஒன்று செய்ய, அதற்குப் பதிலாக ஒரு சத்தம் வருகிறது! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புதுச்சத்திரத்தில் ஒரு பஸ்காரர் பின்னால் வெகுநேரம் ஹாரன் அடித்திருக்க வேண்டும். முந்திப்போகும்போது கையை வெளியே நீட்டித் திட்டினார். அறிவுமதி கும்பிட்டு வழிவிட்டான். யார் திட்டினாலும் அன்றைக்கு உறைத்திருக்காது.

தெருவுக்குள் திரும்பியபோது வாசற்படிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். வீட்டு வாசலில் நறுமுகை நின்றிருந்தாள். ஐந்து வயது. வாயை அகலத் திறந்துகொண்டிருந்தாள். மகிழ்ச்சியில் கத்துகிறாள் என்று நினைத்து, இன்னொரு தரம் மிதித்துக் காட்டினான். அவள் காதுகளைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். இறங்கிப் போய்த் தூக்கிக்கொண்டபோதுதான் அவள் கன்னம் நனைந்திருப்பதைப் பார்த்தான். அவள் அவன் நெஞ்சில் கையை ஊன்றித் தள்ளினாள்.

“என்னங்க கண்றாவி இது?” வினோதினி கையில் கரண்டியோடு வந்து நின்றாள். “புள்ள பயந்து நடுங்குது. இந்த வயசுல இதுக்கா ஆசப்பட்டீங்க?”

“பர்பாமன்ஸ் கூடும், வினோ. இழுவை நல்லா இருக்கும்.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் என்றுதான் அப்போது அவன் நினைத்தான். அது கோபம் இல்லை. ஒருவரைப் பற்றி முடிவுக்கு வரும்போது பார்க்கிற பார்வை.

அடுத்த வாரம் அவள் அப்பா ராஜமாணிக்கம் பேத்தியைத் தன் ஊரான காட்டுமன்னார்கோயிலுக்கு அழைத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் இருவரும் போய்க் கூட்டிவருவதாக ஏற்பாடு. வழியில் வினோதினி அவனோடு பேச வேண்டும் என்று இருந்திருக்கிறாள். வீட்டில் எப்போது வாயைத் திறந்தாலும் அவன் “ம்” என்றுவிட்டு எழுந்து போய்விடுகிறான். காருக்குள் என்றால் எங்கே போக முடியும்?

குமராட்சி ரோட்டில் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். அவன் நாலாம் கியரில் அறுபதில் வைத்து ஓட்டினான். இரைச்சல் வண்டி முழுக்க நிறைந்தது. வினோதினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் தாடை அசைவது தெரிந்தது. இடையிடையே திரும்பி அவனைப் பார்த்தாள். பார்த்தபோதெல்லாம் அவன் தலையாட்டினான். “சரி” என்றான். “ம், ஆகட்டும்” என்றான். ஒருமுறை அவள் கண்ணைத் துடைத்தாள். தூசு விழுந்துவிட்டது என்று நினைத்து அவள் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டான். அவள் சட்டென்று திரும்பி அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கேள்வி என்பது புருவத்தில் தெரிந்தது.

அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமனார் வீட்டில் சாப்பாடு ஆயிற்று. நறுமுகை தோட்டத்துப் பக்கம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். ராஜமாணிக்கம் நாற்காலியை அவனருகே போட்டு உட்கார்ந்தார். ரைஸ்மில்லில் காலம் தள்ளியவர், எப்போதும் பலமாகத்தான் பேசுவார். அவர் பேசுவது மட்டும் அவனுக்குப் பாதியாவது பிடிபடும்.

“என்னா மாப்ள, பொசுக்குனு சரின்னுட்டீங்களாமே? நான் நீங்க தடுப்பீங்கன்னு இல்ல நெனச்சேன்!”

எதற்குச் சரி? புரியவில்லை. “அவ இஷ்டம் மாமா” என்று சொல்லி வைத்தான்.

பெரியவர் அவனை நம்ப முடியாமல் பார்த்தார். “தர்மபுரி என்னா கிட்டயா இருக்குது? சரி, வேல கெடச்சா போய்த்தான் ஆவணும். அது வேற. ஆனா தனியா இருந்து யோசிக்கணும்னு ஒரு பொம்பள சொன்னா, அதுக்குமா ஒரு புருஷன் தலையாட்டுவான்?”

அறிவுமதி எழுந்து உள்ளே போனான். வினோதினி அறையில் நறுமுகையின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“வினோ, கார்ல நீ என்ன சொன்ன?”

அவள் நிமிரவில்லை. அவன் போய் எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “என்னப் பாத்து சொல்லு.”

“இன்னொருவாட்டி வேற சொல்லணுமா?” அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “வேல ஆர்டர் வந்துடுச்சி, தர்மபுரின்னு சொன்னேன். சரின்னீங்க. நறுமுகைய அழைச்சிட்டுப் போவட்டுமான்னேன். ம்ன்னீங்க. ஒங்க கூட இருக்கறது செவுத்துக்கிட்ட பேசறாப்புல இருக்குது, கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கணும்னேன். அதுக்கும் ஆகட்டும்ன்னீங்க. கடசியா, நான் திரும்பி வராட்டாலும் ஒங்களுக்கு ஒண்ணும் இல்லதானேன்னு கேட்டேன். நீங்க சிரிச்சீங்க.”

“எனக்கு எதுவும் கேக்கல, வினோ.”

“அந்த இரைச்சல்ல எவனுக்குக் கேக்கும்? நான் எதுவும் பேசக் கூடாதுன்னுதான அத மாட்டுனீங்க?”

“இல்ல. எனக்குக் காது போயிடுச்சி.”

அவள் கை அவன் கைக்குள் அப்படியே அசையாமல் நின்றது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். கம்ப்ரஸர் அறை, மஞ்சக்குப்பம் டாக்டர், கண்ணாடிக்கு அப்பால் பார்த்த விரல், லூர்து கடை. அந்த இரைச்சல் ஒன்றுதான் தனக்குக் கேட்கிறது என்பதையும் சொன்னான். சொல்லி முடித்தால் பாரம் இறங்கும், அவள் அழுதுகொண்டே தன்னைக் கட்டிக்கொள்வாள் என்று இரண்டு வருடமாக மனத்துக்குள் எத்தனையோ தடவை பார்த்து வைத்திருந்தான்.

“லூர்து அண்ணனுக்குத் தெரியும்?”

“தெரியும்.”

“எனக்குத் தெரியாது.”

அவள் தன் கையை உருவிக்கொண்டாள்.

“அப்ப ரெண்டு வருஷமா நான் யார்கிட்ட பேசிட்டு இருந்தேன்?” அவள் குரல் உயர்ந்திருக்க வேண்டும், வாசலில் மாமனார் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். “அம்மா செத்து கருமாதி முடிஞ்ச அன்னிக்கு, விடியற வரைக்கும் ஒங்க தோள்ல சாஞ்சிக்கிட்டுப் பேசினேனே. அது கேட்டுச்சா?”

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்த நாள் அது. இருட்டில் உதடு தெரியாது. அவள் மூச்சுக்காற்று தோளில் பட்டதும், அவன் முதுகைத் தடவிக் கொடுத்ததும்தான் அவனுக்கு ஞாபகம் இருந்தது.

“சொல்லுங்க. கேட்டுச்சா?”

“இல்ல.”

வினோதினி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் தொடப்போனபோது நகர்ந்து உட்கார்ந்தாள். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனுக்குப் புரியட்டும் என்று மெதுவாகச் சொன்னாள். “காது போனதுக்கு நான் ஒங்கள விட்டுட்டுப் போவ மாட்டேன். அது ஒங்களுக்குத் தெரியாதா? அதுகூடத் தெரியாமதான் இத்தினி வருஷம் என்கூட இருந்தீங்களா?”

அவளையும் குழந்தையையும் அங்கேயே விட்டுவிட்டு அவன் தனியாகத் திரும்பினான். வழியெல்லாம் மூன்றாம் கியரில் ஊர்ந்து வந்தான். அந்த இரைச்சல் காதில் விழுவதை அவன் விரும்பவில்லை.

அதற்குப்பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. வினோதினி தர்மபுரிக்குப் போய் வேலையில் சேர்ந்தாள். போவதற்கு முன்னால் ஒருநாள் சிதம்பரம் வந்து, மிச்சத் துணிகளை எடுத்துக்கொண்டு, அரிசி எங்கே, கேஸ் புத்தகம் எங்கே என்று கையால் காட்டிவிட்டுப் போனாள். நறுமுகைக்குப் பஸ் ஏறும் சந்தோஷம். ஜன்னலிலிருந்து கையசைத்தாள். ஏதோ சொல்லிக் கத்தினாள்.

மறுவாரம் அறிவுமதி தன் சூப்பர்வைசர் சுப்புராயனிடம் போய் உண்மையைச் சொன்னான். சுப்புராயன் நல்ல மனிதர். தலையில் கைவைத்துக்கொண்டார். “சொல்லாம இருந்துருந்தா நான் ஒண்ணும் கேட்டுருக்க மாட்டேன்யா. சொல்லிட்ட. இனிமே உன்ன எப்படி உள்ள விடறது?” என்றார். அவரும் காதைத் தேய்த்துக்கொண்டேதான் பேசினார். மேலே அனுப்பினார்கள், பரிசோதித்தார்கள், எந்த இடத்துக்கு மாற்றலாம் என்று முடிவாகும்வரை வீட்டில் இரு என்றார்கள். முடிவு வரவேயில்லை.

லூர்துதான் கூட வந்து மிஷின் வாங்கிக் கொடுத்தான். மாட்டிய நிமிடம் கடையின் மின்விசிறி, ரோட்டு ஹாரன், காகிதம் கசங்குவது எல்லாம் சேர்ந்து தகரத்தைக் கீறுவது போலத் தலைக்குள் பாய்ந்தன. லூர்து ஏதோ சொன்னான். குரல் வந்தது, சொல் வரவில்லை. இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் சொற்களைப் பழக்கியிருக்கலாம் என்றார் மிஷின் மாட்டிவிட்டவர். எழுதிக் காட்டித்தான் சொன்னார்.

“பழைய சைலன்சர மாட்டித் தரட்டுமா மச்சான்?” என்று லூர்து வண்டியைக் காட்டி ஜாடையில் கேட்டான். வேண்டாம், வண்டியையே விற்றுவிடு என்றான் அறிவுமதி. அண்ணாமலை நகரில் படிக்கும் இளைஞன் ஒருவன் வந்து எடுத்துக்கொண்டான். அவனுக்கு அந்தக் குழாய்தான் பிடித்திருந்தது. வாசலில் நின்றபடியே நாலைந்து தரம் மிதித்துப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்தினாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அறிவுமதி பார்த்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வினோதினி வீடியோவில் கூப்பிடுவாள். குழந்தைக்காகத்தான். ஒரு ஞாயிறு நறுமுகை அப்பாவுக்குக் காட்டவென்று புதுப் பள்ளிச் சீருடையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். தலையில் ரிப்பன். கைகளை ஆட்டி ஆட்டி ஏதோ பாடினாள். மிஷினில் ஊசி ஊசியாக ஏதோ குத்தியது. கோவையாகப் பேசத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தக் குழந்தையின் குரலைத் தான் சரியாகக் கேட்டதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கைக்குழந்தையாக அழுதது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அம்மா, அப்பா என்று மழலை பேசியது. அதற்குமேல் அவள் எப்படிப் பேசுகிறாள், குரல் யாருடையதைப் போல இருக்கும், எதுவும் தெரியாது.

“இன்னொருவாட்டி பாடும்மா. அப்பாவுக்குக் கேக்கல.”

அவள் பாடினாள்.

“கொஞ்சம் மெதுவா. வாயத் தெறந்து.”

மறுபடியும் பாடினாள். பாதியில் அவள் பார்வை வேறெங்கோ போயிற்று. யாரோ விளையாடக் கூப்பிட்டிருக்க வேண்டும். போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிட்டாள். திரையில் வெறும் கூரை தெரிந்தது. ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வினோதினி எடுத்தாள். இளைத்திருந்தாள். அவனைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

“கேக்கல, வினோ.”

அவள் திரும்பச் சொன்னாள். படம் விட்டு விட்டு, நின்று நின்று வந்தது. உதடுகள் ஓரிடத்தில் உறைந்து, பிறகு எங்கேயோ தாவின.

“கேக்கல. இன்னொருவாட்டி.”

அவள் மூன்றாவது முறையும் சொன்னாள். அவன் போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனான், காதருகே கொண்டுபோனான், மறுபடியும் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தான். ஒன்றும் பிடிபடவில்லை. டைப் செய்து அனுப்பச் சொல்லலாம் என்று அவன் வாயெடுப்பதற்குள் அவள் கையை அசைத்தாள். ஒன்றுமில்லை, விடுங்க என்பதுபோல. பிறகு திரை இருண்டு, அவள் முகம் போய் அதில் அவன் முகம் தெரிந்தது.

அவள் ஏதாவது எழுதி அனுப்புவாள் என்று அறிவுமதி சாயங்காலம் வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். எதுவும் வரவில்லை.